புத்தகத்தில் படித்த பிடி

என் கொழுந்தனை அச்சகத்தில் எல்லோரும் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். புரூஃப் பார்க்கிற வேலை. தாளில் மூக்கு உரச, முதுகை வளைத்து உட்கார்ந்து, மற்றவர்கள் விட்டுப்போன புள்ளிகளை வைத்துக்கொண்டிருப்பார். ஆளும் அந்த வடிவம்தான். நாற்பத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது, கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, மூன்றாவது மாடியில் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. பயம் வந்து தினமும் பார்த்திருக்கிறேன். நாய் என்றால் பயம். ஊசி என்றால் பயம். வாசல் மணியை யாராவது அழுத்தமாக அடித்தால்கூட முகம் வெளுத்துவிடும். இதையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் அவருடைய அப்பா ஒருவரே போதும்.

மாமனார், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தருகிற கம்பெனியில் சுமை தூக்கியவர். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் பீரோவையும் ஃபிரிட்ஜையும் படிக்கட்டு வழியாக ஏற்றி இறக்கியே ஆயுசைக் கழித்தவர். எண்பதை நெருங்கியும் அந்தக் கை இளைக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் இருவருமே அந்தக் கையால் அடி வாங்கி வளர்ந்தவர்கள். மூத்தவர், அதாவது என் வீட்டுக்காரர், வளர்ந்த பிறகு திருப்பிக் கத்திக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். இளையவர் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டார். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மாமனார் தண்ணீர் கேட்டால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

பிறகு மறதி வந்தது. முதலில் கண்ணாடி எங்கே, செருப்பு எங்கே என்று கேட்டார். அப்புறம் நான் யார் என்று கேட்டார். பகலில் ஜன்னலோரம் சாதுவாக உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்து அறையில் மிஷினில் துணி தைத்துக்கொண்டிருப்பேன். பொழுது சாயத் தொடங்கினால் ஆள் மாறிவிடுவார். நாற்காலி கிறீச்சென்று நகரும். அந்தச் சத்தம் கேட்டதும் மிஷினை நிறுத்திக் கத்தரிக்கோலை ஒளித்துவிட்டு, கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். சொந்த வீட்டில் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு மாலை என்னைப் பிடித்துவிட்டார். அடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு தோள்களையும் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ முனகினார், ஒரு வார்த்தை புரியவில்லை. நான் திமிறத் திமிறப் பிடி இறுகியது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே முடிவெடுத்தார். இப்படிப்பட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம். நிர்வாகி அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

“சாயங்காலம் ஆனா கையக் கட்டிலோட கட்டிடுவோம். பஞ்சு வெச்ச பட்டைதான், வலிக்காது. தூங்கின பிறகு அவிழ்த்துடுவோம்” என்று சொல்லி ஒரு பட்டையைக் கொழுந்தன் கையில் கொடுத்தார். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுப் படியேறும்போதுதான் வாயைத் திறந்தார்.

“கட்ட வேண்டாம்ண்ணா.”

“அப்ப நீ பாத்துக்கறியா? உன்னைச் சுருட்டி ஜன்னல் வழியா வீசிடுவார்.”

“அச்சகத்துல காலை நேர வேலையா கேட்டு வாங்கிக்கறேன். சாயங்காலம் நான் இருக்கேன்.”

அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரருக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும். சரி, இன்னொரு முறை யாருக்காவது அடிபட்டால் இல்லத்துக்குத்தான், அதற்கப்புறம் பேச்சே கிடையாது என்று சொல்லி முடித்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போதே அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். முறிந்தது என் எலும்பு.

மறுநாள் கொழுந்தன் அச்சகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சண்டைக்கலைப் புத்தகம். அவரே புரூஃப் பார்த்தது, வேற்று மொழியிலிருந்து வந்த சரக்கு. ஆனால் குத்துவது உதைப்பது எதுவும் அதில் இல்லை. உடம்பின் பலத்தை நம்பாதே, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கு, தோளைத் தளர்த்து, பாதம் தரையில் வேர் விடட்டும், வருகிற பலத்தை எதிர்க்காமல் அதோடு கூடப் போ, தொட்ட இடத்தில் தோலால் கேள். இப்படியே பக்கம் பக்கமாக. எனக்குப் படித்துக் காட்டினார்.

“தோலால எப்படிக் கேக்கறது?” என்றேன்.

“அதான் தெரியலை அண்ணி. நாலு தடவை படிச்சுட்டேன். எழுத்துப்பிழைதான் கண்ணுல படுது.”

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. விடிந்து எழுந்து போனால், துவைக்கிற மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய பானையைக் கட்டிப்பிடித்தமாதிரி நின்றுகொண்டிருப்பார். முழங்கால் மடங்கியிருக்கும், தொடை தந்தியடிக்கும். நான் துணிக் கூடையோடு போய் நின்றால் பானையை விடாமலே ஒதுங்கி வழி விடுவார். நூலகத்திலிருந்து இன்னும் சில புத்தகங்கள் வந்தன. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. இவர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக்கொண்டே போனார்.

ஒரு நிலையில் மட்டும் தினமும் சாய்ந்து விழுந்தார். வலது காலில் எடையை வைத்து இடது கையை நீட்டுவது. எத்தனை நாள் பழகியும் உடம்பு சுழன்று மிஷின்மேல் போய் மோதியது. கடைசியில் நூலகப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. அச்சகத்தில் பக்கம் அமைத்தவர் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். எழுத்தில் இடது கால் என்று சரியாகத்தான் இருந்திருக்கிறது. படத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று எழுத்தைத் திருத்தியவர் நம் காற்புள்ளிதான்.

“நல்லாயிருக்கு. இந்தப் புத்தகத்தை வாங்கினவங்க எல்லாரும் ஊருக்கு ஒருத்தரா விழுந்துட்டிருப்பாங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நாள் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் எந்தக் காலில் நிற்பது என்பதிலேயே இருக்கிறோம் என்ற திகில் அவருக்கு. அதைப் பார்த்ததும் என் கேலியை விழுங்கிக்கொண்டேன்.

புத்தகத்தில் இருவர் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்து, ஒருவர் தள்ள மற்றவர் விலகாமல் கூடவே போக வேண்டும். வேறு ஆள் கிடைக்காமல் என்னிடம் வந்தார்.

“முறியாத பக்கத்துக் கையைக் கொடுங்க அண்ணி.”

கொடுத்தேன். மெதுவாகத் தள்ளினேன். அவர் கை மரக்கட்டையாக விறைத்தது. தளர்த்துங்கள் தம்பி என்றால் தொப்பென்று தொங்கியது. விறைப்புக்கும் தொங்கலுக்கும் நடுவில் என்னவோ இருக்கிறது என்று புத்தகம் சொல்கிறதாம், அந்த நடு எங்கே என்று சொல்லவில்லையாம். கொஞ்சம் கொஞ்சமாக அது அவருக்கு வந்தது. ஒரு நாள் நான் தள்ளினேன், எதன்மேல் தள்ளுகிறேன் என்றே தெரியவில்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் என் கை வேறு, அந்தக் கை வேறு. பொழுது சாய்ந்து நாற்காலி நகர்ந்ததும் கொழுந்தனின் மூச்சு அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிடும். நான் கதவருகில் நின்று பார்ப்பேன். முதல் முறை மாமனார் பிடித்தபோது, தளர்த்துகிறேன் பேர்வழி என்று மொத்தமாகத் துவண்டுவிட்டார். மாமனார் அவரை, சுருட்டிய மெத்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் கொண்டுபோய் வாசல் மூலையில் சாத்தி வைத்தார். அவரோ அப்படியே நின்றார். ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் அது.

இரண்டாவது முறைதான் வினையானது. மாமனார் பாய்ந்து வந்தார். இந்த முறை கொழுந்தன் விறைக்கவில்லை, துவளவுமில்லை. கை மேல் பட்டதும் இடுப்பைத் திருப்பிச் சற்றே விலகினார். புத்தகத்தில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல். வந்த வேகம் வந்த வழியே போனது. மாமனார் தடுமாறி மேசை விளிம்பில் நெற்றி மோதி விழுந்தார். ரத்தம் கண்ணில் வழிந்தது. கீழே கிடந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிற பார்வை.

நெற்றியில் தையல் போட்டுக் கூட்டிவந்த பிறகு, கொழுந்தன் அடுப்படித் தரையில் உட்கார்ந்தார்.

“எல்லாப் புத்தகத்துலயும் எதிராளி, எதிராளின்னுதான் அண்ணி போட்டிருக்கு. நானும் அப்படியே படிச்சுட்டேன். அவர் எனக்கு எதிராளியா?”

என் வீட்டுக்காரர் இல்லத்துக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தார். அடிபட்டால் பேச்சே கிடையாது என்றது முடிவு. அடிபட்டது மாமனாருக்கே என்பதால் மட்டும் அது மாறிவிடுமா? கொழுந்தன் வாதாடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு பக்கம் குத்தவும் செய்தது.

காலையில் மாமனார் சாதுவாக இருப்பார் என்று காலைக்குத்தான் வண்டி சொல்லியிருந்தோம். வண்டி எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லி, வந்து சேர்ந்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. இந்த நேரமா வர வேண்டும்? பணியாளர்கள் இரண்டு பேர் மேலே வந்தார்கள். ஒருவர் நடு வயது, தன்மையாகப் பேசினார். இன்னொருவர் இளையவர், பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தார். பையிலிருந்து நுனி தெரிந்தது.

முதல் மாடி வரைக்கும் இறங்கிவிட்டோம். கொழுந்தன் முன்னால், மாமனாரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே படியிறங்கினார். மாமனாருக்குப் பின்னால் பணியாளர்கள், அவர்களுக்குப் பின்னால் நானும் என் வீட்டுக்காரரும். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் மாமனார் நின்றுவிட்டார். கீழே எட்டிப் பார்த்தார். மூச்சு இரைத்தது. சட்டென்று குனிந்து கொழுந்தனின் இரண்டு தோள்களையும் பிடித்தார். நான் அறிந்த அதே பிடி. என் காறை எலும்பு சொடுக்கியதுபோல இருந்தது.

கொழுந்தனுக்குப் பின்னால் படிகள் செங்குத்தாக இறங்கின. மாமனார் தள்ளினால் மண்டை உடையும். தானும் மேலே விழுந்தால் இரண்டு பேருமே போய்ச் சேர வேண்டியதுதான். இளைய பணியாளர் பட்டையை உருவினார்.

“வேண்டாம். யாரும் தொடாதீங்க” என்றார் கொழுந்தன். குரல் சன்னமாக இருந்தது. முகத்தில் பயம் அப்படியே இருந்தது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அவர் சட்டை வயிற்றருகில் மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். கைகளை உயர்த்தி அப்பாவின் முழங்கைகளுக்குக் கீழே வைத்தார். பிடிக்கவில்லை, விலக்கவில்லை, வெறுமனே வைத்தார்.

மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். மாலைதோறும் முனகுகிற அதே முனகல்தான். படிக்கட்டுச் சுவர்களுக்கு நடுவில் இப்போது வார்த்தை கேட்டது.

“விட்டுடாத. கீழ ஆள் இருக்கு.”

மாமனார் மறுபடியும் சொன்னார்.

“விட்டுடாதடா. கீழ ஆள் இருக்கு.”

கொழுந்தன் சொன்னார், “கீழ நான்தான் இருக்கேன்.”

“நீயா?”

“நான்தான். பாரம் என் கையில இருக்கு. மெதுவா இறக்குங்க, அவசரமில்லை.”

மாமனார் ஒரு படி இறங்கினார். கொழுந்தனும் ஒரு படி இறங்கினார். கைகள் ஒட்டியபடியே இருந்தன. யார் யாரை இறக்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. அடுத்த திருப்பத்தில் மாமனார் “மூலையப் பாத்து” என்றார். “பாத்துட்டேன்” என்றார் கொழுந்தன். இல்லாத ஒரு பாரத்தை அப்பாவும் பிள்ளையும் தரைத்தளம் வரைக்கும் இறக்கிக் கொண்டுபோனார்கள். பின்னால் நாங்கள் நான்கு பேரும் மூச்சு விடாமல் போனோம்.

கடைசிப் படியில் மாமனார் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். வேலை முடிந்தவர் உட்கார்வதுபோல, முழங்காலில் கையை ஊன்றி. கொழுந்தன் அப்போதுதான் சுவரில் சாய்ந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி பேசினார். “நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது ஒரு ஃபிரிட்ஜ் இறக்கறப்ப யாரோ கை விட்டுட்டாங்க. கீழ நின்ன ஆள் அங்கயே போயிட்டார். அப்பா ரொம்ப நாள் வேலைக்குப் போகலை. எதுக்குன்னு அப்ப எங்ககிட்ட யாரும் சொல்லலை.”

“அவர் நம்மளைத் தாக்க வரலை அண்ணி” என்றார் கொழுந்தன் என்னிடம். “விழுந்துடப் போறோம்னு பிடிக்கறார். பயந்து போய்ப் பிடிக்கறார்.”

“அவரா? அவருக்கா பயம்?” எனக்கு நம்பிக்கை வரவில்லை, கோபம்தான் வந்தது. “அப்ப சின்ன வயசுல உங்களைப் போட்டு அடிச்சாரே, அதுவும் விழுந்துடப் போறீங்கன்னா?”

அவர் யோசித்தார். “இல்லை. அது அடிதான்.”

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. இப்போது அமைதியாக இருக்கிறார், இப்போதே ஏற்றிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரே நகரவில்லை. நடு வயதுப் பணியாளர், “இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும். என்ன செய்யட்டும்னு சொல்லிடுங்கம்மா” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் கேட்காதவர்கள்.

“அவரோட இருக்கறது நீங்கதான் அண்ணி. நீங்க வேண்டாம்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்” என்றார் கொழுந்தன். கெஞ்சியிருந்தால் சீறி விழுந்து அனுப்பியிருப்பேன். அவர் கெஞ்சவில்லை. வருகிற பலத்தோடு கூடப் போவது என்றால் இதுதான்போல. எனக்கு எரிச்சலில் அழுகை முட்டியது.

“இன்னைக்கு வேண்டாம்” என்றேன்.

“அப்ப நாளைக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நாளைக்கு வேணும்னா நாளைக்குச் சொல்றேன். இப்ப அவரை மேல கூட்டிட்டுப் போங்க.”

மறுநாள் அச்சகத்தில் அவசர வேலை. கொழுந்தன் ஃபோன் செய்தார், வந்துகொண்டே இருப்பதாக. என் வீட்டுக்காரர் கடை வேலைக்குப் போயிருந்தார். பொழுது சாய்ந்தது. வீட்டில் நானும் அவரும்தான். நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் திறந்த கதவு வழியாகப் படிக்கட்டைத்தான் பார்த்தார். அந்தப் பக்கம் நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். நின்ற பிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது.

இரண்டு தோள்களையும் பிடித்தார். ஒட்டி இன்னும் முழுசாகச் சேராத எலும்பின்மேல் அவர் கட்டைவிரல் இருந்தது. உடம்பு முழுக்கத் திமிறு, திமிறு என்று கத்தியது. மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கப் பார்த்தேன், நெஞ்சைத் தாண்டி இறங்கவில்லை. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நான் எந்தப் புத்தகமும் படித்தவளில்லை. என் கைகளை அவர் முழங்கைகளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

“கீழ நான் இருக்கேன் மாமா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பிடி இறுகவில்லை. விடவும் இல்லை. அப்படியே நின்றோம். தோளெல்லாம் நடுங்கியது. என் நடுக்கம்தான் என்று நினைத்தேன், அது அடங்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கால் தரையில் நின்றது. நான் நடுங்குவது நின்றுவிட்டது. என் தோளைப் பிடித்திருந்த கைகளின் நடுக்கம் நிற்கவில்லை.